பின்னால் ஊளைச் சத்தம் வருகிறதா? பழைய அம்பாசடரின் டிஃபரன்ஷியலைப் பார்த்துக்கொள்வது எப்படி

பழைய அம்பாசடர் வாங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பின்னாடி ஊன்னு சத்தம் வருது. கிரவுன் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. மாத்திடலாமா?"

இப்போதே மாற்றாதீர்கள் என்பதுதான் என் பதில். அப்பா வைத்திருந்த 1984 மாடல் மார்க் 4 வண்டியில் இதே சத்தம் வந்தது. ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கர ஜோடியை மாற்றினோம். வண்டி வெளியே வந்தபோது பழைய சத்தம் அப்படியே இருந்தது. கூடவே புதிதாக இன்னொரு ஊளையும் சேர்ந்திருந்தது. கடைசியில் பார்த்தால், முதலில் கேட்ட சத்தம் இடது பின்சக்கரத்தின் பேரிங்கிலிருந்து வந்தது. நல்ல நிலையில் இருந்த பல் ஜோடியைக் கழற்றி எறிந்துவிட்டோம் என்ற வருத்தம் அப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது.

புதிதாகப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது, ஆயில் மாற்றுவது, ஒழுகலை நிறுத்துவது ஆகிய மூன்றையும் நீங்களே செய்யலாம். உள்ளே கை வைக்கும் வேலை மட்டும் வேறு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டேதான் வரும். டிஃபரன்ஷியல் இருப்பது அதற்காகத்தான். கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுவரும் நீண்ட தண்டுதான் புரொபெல்லர் ஷாஃப்ட். அதன் முனையில் சின்ன பினியன். அது பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் சில சின்னக் கியர்கள் இருக்கின்றன. நேராகப் போகும்போது அவை தம்மளவில் சுழலாமல் கூட்டோடு சேர்ந்து சும்மா போகும். திரும்பும்போது மட்டும் உருண்டு, ஒரு சக்கரத்திடம் குறைத்த சுற்றை மற்றதிடம் கூட்டிக் கொடுக்கும்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1957 முதல் 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான வண்டி அம்பாசடர். பின் ஆக்சில் முழுத் துண்டாக, பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும். இதில் இருப்பது ஹைப்பாயிட் வகைப் பல். அதாவது பினியன், கிரவுனின் நடுமையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். இதனால் பல் பெரிதாகிறது, சத்தம் குறைகிறது. ஆனால் பல்லோடு பல் உருளுவதோடு நிற்காமல், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கியும் போகிறது. அந்த வழுக்கல்தான் ஆயில் விஷயத்தில் நம்மைக் கவனமாக இருக்க வைக்கிறது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டுப் பொருத்தப்பட்ட ஜோடி. அதற்கு மேல் இருபது, முப்பது வருடம் சேர்ந்தே ஓடி, ஒன்றின் பல் மற்றதன் பல்லுக்குப் பழகியிருக்கும். லேசாக முனகினாலும் அந்த ஜோடி இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடலாம். அதைக் கலைப்பதற்குத் தெளிவான காரணம் வேண்டும்.

முதல் கருவி காது

ஸ்பானரை எடுக்காதீர்கள். போக்குவரத்து குறைந்த நேரத்தில், விடியற்காலையாக இருந்தால் நல்லது, நல்ல தார்ச்சாலைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள். பின்சீட்டில் ஒருவர் உட்காரட்டும். முடிந்தால் பின்சீட்டுப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டால் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் சூடானபிறகு சோதனையைத் தொடங்குங்கள்.

முதலில் டயரை விலக்க வேண்டும். பட்டன் தேய்ந்த டயரும், ஓரம் படிக்கட்டுபோலத் தேய்ந்த டயரும் கிரவுன் சத்தத்தைப் போலவே ஊளையிடும். தார்ச்சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு மாறும்போது சத்தத்தின் குணம் மாறினால் அது டயர். டிஃபரன்ஷியலுக்குச் சாலை எதுவானாலும் ஒன்றுதான். முன்டயரையும் பின்டயரையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் செலவில்லாத சோதனை.

அடுத்து கியர்பாக்ஸ். நாலு கியர் வண்டியில் டாப் கியர் நேரடி இணைப்பு. இன்ஜின் சுற்றும் வேகத்திலேயே புரொபெல்லர் ஷாஃப்ட்டும் சுற்றும், இடையிலுள்ள பற்களுக்குச் சுமை இருக்காது. ஒரே வேகத்தில், உதாரணமாக மணிக்கு 45 கிலோமீட்டரில், ஒருமுறை மூன்றாம் கியரிலும் ஒருமுறை டாப்பிலும் ஓட்டுங்கள். கியரை மாற்றியதும் சத்தமும் மாறினால் கியர்பாக்ஸை அல்லது இன்ஜினைச் சந்தேகிக்க வேண்டும். வேகம் ஒன்றாக இருக்கும்வரை சத்தமும் மாறாமல் இருந்தால் அது புரொபெல்லர் ஷாஃப்ட்டிலிருந்து பின்சக்கரம் வரையுள்ள பகுதியில்தான் இருக்கிறது.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. டாப் கியரில் 60-ஐ எட்டுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி வண்டியை இழுக்கவிட்டுக் கேளுங்கள். பிறகு காலை முழுதாக எடுத்து, கியரிலேயே வேகம் குறையவிட்டுக் கேளுங்கள். கடைசியாக, இழுக்கவும் தடுக்கவும் இல்லாமல் வேகம் அப்படியே நிற்கும் அளவுக்குக் காலை மெல்ல வைத்துக் கேளுங்கள். கிரவுன் பல்லுக்கு இரண்டு முகங்கள். இழுக்கும்போது ஒரு முகத்தில் சுமை, விடும்போது மறுமுகத்தில் சுமை. அதனால் பல்லின் சத்தம் இந்த மூன்று நிலையிலும் ஒரே மாதிரி இருக்காது. இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் இழுக்கும் முகம் தேய்ந்திருக்கலாம், அல்லது பினியன் உட்கார வேண்டிய ஆழத்தில் இல்லாமல் இருக்கலாம். காலை எடுத்ததும் ஊளை பெரிதானால் முதலில் பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நிலையிலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் கரகரப்பு பெரும்பாலும் பேரிங் சத்தம்தான், பல் சத்தம் அல்ல.

அந்த பேரிங்கிலும் எது என்று பிரிக்கலாம். சாலை காலியாக இருக்கும்போது 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஒடித்துப் பாருங்கள். வலது பக்கம் திரும்பும்போது வண்டியின் கனம் இடது சக்கரங்களின் மேல் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் இடது சக்கர பேரிங். எங்கள் வண்டியில் இந்த ஒரு சோதனையை அன்று செய்திருந்தால் போதும், எல்லாமே மிஞ்சியிருக்கும்.

நேராகப் போகும்போது அமைதி, இறுக்கமாகத் திரும்பும்போது மட்டும் கடகடப்பு என்றால் உள்ளே இருக்கும் சின்னக் கியர்களையோ அவற்றின் வாஷர்களையோ பார்க்க வேண்டும்.

"டக்" என்று விட்டுவிட்டுத் தட்டும் சத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 15 அங்குலச் சக்கரத்தில் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஓடும். நடக்கும் வேகத்தில், அதாவது மணிக்கு 6 கிலோமீட்டரில், நிமிடத்துக்கு 100 மீட்டர். சக்கரமும் கிரவுனும் நிமிடத்துக்குச் சுமார் 50 சுற்று. பினியன் அதைப்போல நாலு நாலரை மடங்கு, சுமார் 225 சுற்று. ஒரு விநாடிக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகத் தட்டினால் கிரவுனில் ஒரு பல் உடைந்திருக்கலாம், அல்லது சக்கரம், டிரம் பக்கம் ஏதோ கோளாறு. விநாடிக்கு நாலு முறை என்று படபடவென்று தட்டினால் பினியனையோ புரொபெல்லர் ஷாஃப்ட்டையோ பாருங்கள். உடைந்த பல் என்று சந்தேகம் வந்துவிட்டால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். துண்டு ஒன்று பல்லிடுக்கில் சிக்கினால் ஓடும் வேகத்திலேயே பின்சக்கரம் இறுகிவிடும்.

கிளட்சை விட்டதும் ஒரே ஒரு "டொங்". இதற்கும் எல்லோரும் கிரவுனைத்தான் குறை சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை பாதிக்கு மேல் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் முனைகளில் இருக்கும் மூட்டு, அதாவது கிராஸ்தான் காரணமாக இருந்திருக்கிறது. பட்டை ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்தாலும் இதே சத்தம் வரும். கிராஸ் மாற்ற ஆகும் செலவு, கிரவுன் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

வண்டியைத் தூக்குமுன்

ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது பிடிக்கத் தரையில் எதுவும் இல்லை. புதியவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதில்லை. அதனால் சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னாலும் பின்னாலும் மரக்கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஆக்சில் குழாய்க்கடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து இறக்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் கூடாது. மேலிருந்து கனம் ஏறியதும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அவை நொறுங்கும். ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அடியில் போங்கள். வண்டி தூக்கியிருக்கும்போது இன்ஜினை ஓட்டிக் கியர் போட்டுச் சத்தம் கேட்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

கையால் தெரிந்துகொள்வது

நியூட்ரலில் வைத்துவிட்டு புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகுங்கள். ஒவ்வொரு கிராஸையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் திரும்பாமல் இருக்கும் இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தாலே அந்தக் கிராஸ் போய்விட்டது. கிராஸைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருத்தூள் இருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து பினியன் ஃபிளாஞ்ச், அதாவது புரொபெல்லர் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் சேரும் தட்டு. அதை மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். சுற்றுவாக்கில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. ஆனால் மேல்கீழாகவோ உள்வெளியாகவோ துளிகூட ஆடக் கூடாது. ஆடினால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறது.

சுற்றுவாக்கு ஆட்டத்தை அளந்து எழுதி வைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஒரு பின்சக்கரத்தைத் தரையில் விட்டு மற்றதை மட்டும் தூக்கி, புரொபெல்லர் ஷாஃப்ட்டை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, தூக்கிய சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் உருட்டி, டயர் விளிம்பில் சாக்பீஸால் இரண்டு கோடு. அந்த இடைவெளி கிரவுன், சின்னக் கியர்கள், ஆக்சில் முனையின் வரிப்பற்கள் எல்லாவற்றின் தேய்மானமும் சேர்ந்த கணக்கு. அதனால் எண் பெரிதாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். வருடா வருடம் அது வளர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதே நிலையில் கிரவுன் விகிதத்தையும் எண்ணிவிடலாம். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நாலரைக்குச் சற்று மேல் வந்தால் 41 பல் கிரவுன், 9 பல் பினியன் போன்ற ஜோடி. இன்னொரு சக்கரம் தரையில் நிற்பதால்தான் இரண்டு சுற்று தேவைப்படுகிறது. சாமான் வாங்கப் போகும்போது இந்த எண் கையில் இருக்க வேண்டும்.

ஆயில்

பழைய வண்டிக்கு டிஃபரன்ஷியல் விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். பல வண்டிகளில் முந்தைய உரிமையாளரின் காலம் முழுவதும் இந்த ஆயிலை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

எந்த ஆயில்? ஹைப்பாயிட் பல்லுக்கு ஜிஎல்-5 என்று டப்பாவில் போட்டிருக்கும் கியர் ஆயில், 80டபிள்யூ-90 கனம். பல்லும் பல்லும் வழுக்கும் இடத்தில் வெறும் எண்ணெய்ப்படலம் நிற்காது, பிதுங்கிப் போய்விடும். கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் இந்த ஆயிலில் இருப்பதால், அழுத்தமும் சூடும் கூடும் இடத்தில் அவை இரும்பின் மேல் மெல்லிய காப்புப்படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. இன்ஜின் ஆயிலுக்கு அந்தத் திறன் கிடையாது. ஆனால் டிஃபரன்ஷியலுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று இதையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். அங்கே பித்தளை, வெண்கல வளையங்கள் இருக்கும். கந்தகச் சேர்மானம் அவற்றை அரிக்கக்கூடும். கியர்பாக்ஸுக்கு அதன் கையேட்டில் சொன்னது மட்டும்தான்.

சத்தம் வரும் வண்டிக்கு 85டபிள்யூ-140 ஊற்றச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலுக்கு அதனால் கெடுதல் இல்லை, சத்தமும் கொஞ்சம் அடங்கும். ஆனால் தேய்மானம் அப்படியே இருக்கும், காதுக்கு மட்டும் மறைந்துவிடும். காரணத்தைக் கண்டுபிடித்தபிறகு வேண்டுமானால் ஊற்றுங்கள்.

வேலை இப்படி. வண்டியைப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். சூடான ஆயில் தண்ணீராக இறங்கும், அடியில் தங்கிய துகளையும் இழுத்துக்கொண்டு வரும். ஆக்சிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் ஹவுசிங்கின் பின்பக்கம் ஆயில் ஊற்றும் பிளக், அடியில் ஆயில் இறக்கும் பிளக். இரண்டையும் சுற்றி அழுக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் நனைத்த பனியன் வேஸ்டால் துடையுங்கள்.

முதலில் ஊற்றும் பிளக்கைத் திறங்கள். அது திறந்த பிறகுதான் இறக்கும் பிளக். நான் முதன்முதலில் தனியாகச் செய்தபோது மாற்றிச் செய்துவிட்டேன். ஆயில் முழுதும் இறங்கிவிட்டது, ஊற்றும் பிளக் வருடக்கணக்கில் இறுகிக் கிடந்ததால் அசையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, கடைகள் மூடியாகிவிட்டன. ஆயில் இல்லாத வண்டியை ஒரு அடிகூட நகர்த்த முடியாமல் இரண்டு நாள் அப்படியே நிறுத்தி வைத்தேன். பிளக் வராவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஒரு இரவு ஊறவிடுங்கள். பிளக் வடிவத்துக்குச் சரியாகப் பொருந்தும் கருவியை மட்டும் போடுங்கள். சறுக்கி மூலை மழுங்கிவிட்டால் வெல்டிங் வரை போக வேண்டியிருக்கும்.

இறங்கிய ஆயிலை வெயிலில் வைத்துப் பாருங்கள். ஆயில் கறுத்திருப்பது வயதைத்தான் காட்டுகிறது. ஒரு காந்தத்தை உள்ளே விட்டு எடுங்கள். சாம்பல் நிறப் பசைபோல ஒட்டினால் அது இயல்பான தேய்மானம். விரல்களுக்கிடையில் தேய்க்கும்போது நறநறவென்று குத்தும் துகளோ, செதிலோ, பிறை வடிவத் துண்டோ இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைந்துகொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு, வெண்கல வாஷரிலிருந்து வந்திருக்கலாம்.

ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நின்ற வண்டிகளுக்கு இன்ஜினையும் சீட்டையும் பார்த்தவர்கள் பலர், பின் ஆக்சிலைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஓடிச் சூடாகியிருக்கும் ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஆக்சிலின் மூச்சுத்துளை வழியாகவும், ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீல் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியில் ஆயிலை மாற்றி, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பேரிங்கில் துருப்புள்ளி விழுந்து, சில மாதம் கழித்துக் கரகரக்கத் தொடங்கும்.

வண்டி வாங்கும்போது பார்ப்பதற்கும் இது உதவும். சத்தத்தை அடக்குவதற்காக ஆயிலில் மரத்தூள் போட்டு விற்கும் மோசடி உலகம் முழுக்க இருந்திருக்கிறது. ஊற்றும் பிளக்கைத் திறந்து விரலை விட்டு எடுத்தால் தெரிந்துவிடும்.

இறக்கும் பிளக்கைச் சுத்தம் செய்து மூடி, வண்டியைச் சமதளத்தில் வைத்துத்தான் ஆயில் ஊற்ற வேண்டும். பின்பக்கம் தூக்கியிருந்தால் அளவு தவறிவிடும். இரண்டு லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் மிஞ்சும். வளையும் குழாய் மாட்டிய ஆயில் பம்ப்பால் மெதுவாக ஏற்றுங்கள். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும் இடம்தான் சரியான அளவு. சொட்டு நிற்கும்வரை பொறுத்திருந்து பிளக்கை மூடுங்கள். இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லதுதானே என்று வண்டியைச் சாய்த்து அதிகம் ஏற்றினால், அந்த அதிகம் சக்கரப் பக்கம் போய் பிரேக்கில் இறங்கும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒழுகல்

ஒழுகும் இடம் மூன்று. பினியன் சீல் ஒழுகினால், சுழலும் ஃபிளாஞ்ச் ஆயிலைச் சிதறடிப்பதால் வண்டியின் அடித்தகட்டில் அதற்கு நேராக ஒரு பட்டையாகக் கறை இருக்கும். டிஃபரன்ஷியல் கூடு ஹவுசிங்கோடு சேரும் கேஸ்கெட் ஒழுகினால் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். சக்கர சீல் ஒழுகினால் டிரம்மின் உள்பக்கமும் டயரின் உள்சுவரும் நனைந்திருக்கும். கடைசியாகச் சொன்னது ஆபத்தானது, பிரேக் லைனிங்கில் ஆயில் ஊறிவிடும். அங்கே ஈரம் இருந்தால் முகர்ந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில். நீர்த்து, தண்ணீரில் கழுவினால் போவதாக இருந்தால் அது பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் ஒழுகுகிறது.

எந்த சீலையும் மாற்றுவதற்கு முன் மூச்சுத்துளையைப் பாருங்கள். ஆக்சில் குழாயின் மேல்பக்கம் சின்னதாக இருக்கும், பெரும்பாலும் சேறு பூசி மறைந்திருக்கும். அது அடைத்துக்கொண்டால் சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். புது சீல் போட்டும் ஒரு மாதத்தில் ஒழுகுகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர் இந்தத் துளையைப் பார்த்ததே இல்லை. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஊதிவிடுங்கள்.

பினியன் சீலை நீங்களே மாற்றலாம், பொறுமை இருந்தால். புரொபெல்லர் ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் இரண்டிலும் பெயின்டால் ஒரே கோடு போட்டுக்கொண்டு நாலு போல்ட்டைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் வண்டி அதிரும். நடுவிலுள்ள பெரிய நட்டைக் கழற்றுமுன், நட்டு, பினியன் முனை, ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் பஞ்சால் புள்ளி வைத்து, நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எழுதுங்கள். இந்த நட்டு ஃபிளாஞ்சைப் பிடித்திருப்பதோடு, பினியன் பேரிங்குகளின் இறுக்கத்தோடும் சம்பந்தப்பட்டது. ஆகவே திரும்ப முடுக்கும்போது அதே புள்ளியில் வந்து நிற்க வேண்டும். ஏர் கன் வைத்து "டர்ர்" என்று இறுக்க விடாதீர்கள். ஃபிளாஞ்சை நீளமான இரும்புப் பட்டையால் பிடித்துக்கொண்டு, கையால் கழற்றி கையாலேயே முடுக்குங்கள்.

பழைய சீலை நெம்பி எடுத்ததும், அது உரசிய இடத்தை ஃபிளாஞ்ச் கழுத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எந்தப் புது சீலும் நிற்காது. லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட வேண்டும், அல்லது வேறு ஃபிளாஞ்ச் தேட வேண்டும். புது சீலின் உதட்டில் கியர் ஆயில் தடவி, அதே அளவுக் குழாய்த்துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

கூட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால்

காந்தத்தில் செதில் வந்தது, அல்லது பினியன் ஆடுகிறது, அல்லது பல் தட்டுகிறது. இவற்றில் ஒன்று உறுதியானால்தான் இந்தக் கட்டம். ஆக்சில் ஷாஃப்ட்டுகளை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டால் டிஃபரன்ஷியல் கூடு முழுதாக முன்பக்கம் கழன்று வரும். கனம் அதிகம். அடியில் ஜாக்கியும், உதவிக்கு இன்னொரு ஆளும் இல்லாமல் கடைசி நட்டைத் தொடாதீர்கள். இதுவரை உங்கள் வேலை. இதற்கு மேல் டயல் கேஜும் (நூலளவு அசைவையும் அளக்கும் முள் மீட்டர்) பழகிய கையும் உள்ள பட்டறைக்கு அந்தக் கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அங்கே என்ன நடக்க வேண்டும் என்று நீங்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது. கிரவுனிலும் பினியனிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியும் கிரவுனின் முதுகில் பொறித்திருக்கும். இப்படிப்பட்ட ஆக்சில்களில் அது பெரும்பாலும் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் வரும். கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்லக்கூடிய அளவு அல்ல அது. டயல் கேஜ் வைத்து, கிரவுனைச் சுற்றி மூன்று நாலு இடத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம் பல்லில் நீல மசை தடவி, சுமை கொடுத்துச் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். தடம் பல்லின் நடுவாக்கில் விழ வேண்டும். அடிக்குழிக்குப் போயிருந்தால் பினியன் அதிகம் உள்ளே இறங்கியிருக்கிறது. நுனியில் மட்டும் விழுந்தால் போதிய அளவு இறங்கவில்லை. பினியனின் ஆழத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டு வளையத்தை, அதாவது ஷிம்மை, மாற்றி மறுபடி பார்க்க வேண்டும். அன்று எங்கள் வண்டிக்கு நடக்காமல் போனது இந்த வேலைதான். புதுச் சாமானைப் பழைய ஷிம்மோடு அப்படியே மாட்டிவிட்டார்கள்.

புது ஜோடி கிடைப்பது இப்போது அரிது. சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய சாமான் தேடுகிறவர்கள் உதிரியாகக் கிரவுனையும் பினியனையும் வாங்காதீர்கள். கூடு முழுவதாக, கலையாமல் வாங்குங்கள். கையால் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்ற வேண்டும். பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளோ, சூடேறி நீலம் பாய்ந்த நிறமோ இருந்தால் வேண்டாம். பல்லை எண்ணுங்கள். பெட்ரோல், டீசல், பிறகு வந்த இசுசு இன்ஜின் என்று பல வகை ஓடியிருக்கின்றன. உங்கள் வண்டியில் எண்ணி வைத்த விகிதத்தோடு ஒத்துப்போனால்தான் ஸ்பீடாமீட்டரும் இழுவையும் பழையபடி இருக்கும்.

எல்லாம் மாட்டி, ஆயில் ஊற்றி, முதல் ஓட்டத்தில் இருபது கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். திரும்பி வந்து ஹவுசிங்கின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்து கை தாங்கினால் நல்லது. தொட்ட உடனே கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் எங்கோ இறுக்கம் அதிகம், பட்டறைக்குத் திரும்பப் போக வேண்டும். புது ஜோடியாக இருந்தால் முதல் 500 கிலோமீட்டர் வரை முழுச் சுமை ஏற்றாமல், நீண்ட ஏற்றங்களைத் தவிர்த்து ஓட்டிவிட்டு, அந்த ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றுங்கள். இறக்கிய ஆயிலில் மறுபடியும் காந்தத்தை விட்டுப் பாருங்கள்.